ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூரில் தொழிலாளர் குடியிருப்பும் பேருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் சிப்காட் வளாகங்களைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் குடியிருப்போர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் மகளிர் குழுக்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. மனு எழுத உட்காருமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

வாடகை ஒரு பிரச்சினை, பஸ் வேறு பிரச்சினை. இரண்டையும் ஏன் ஒரே மனுவில் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

தொழிலாளியின் கையிலிருந்து போவது வாடகையும் வண்டிச் செலவும் சேர்ந்த ஒரே தொகை. ஆலைக்குப் பக்கத்து லைன் வீட்டில் (வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் அறைகளில்) வாடகை கூடுதல். பத்து, பதினைந்து கி.மீ. உள்ளே தள்ளிப்போனால் வாடகை இறங்கும், ஆனால் இரவு 10 மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் ஊர் போய்ச் சேர வண்டி இருக்காது. அதனால் எல்லாரும் மெயின் ரோட்டை ஒட்டியே அறை தேடுகிறார்கள். வீட்டுக்காரரும் மூன்று பேர் படுக்கும் அறையில் ஆறு பேரைப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார். உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஊருக்கு நேரம் தவறாமல் பஸ் போனால், அந்த ஊர் வீடுகளும் வாடகைக்கு வரும். இந்தப் பகுதியில் வாடகையைக் குறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது.

தனித்தனியாக மனு கொடுத்தால் நடப்பது வேறு. குடியிருப்பு கேட்டால் “அந்த இடத்துக்குப் போக்குவரத்து வசதி இல்லை” என்பார்கள். பஸ் கேட்டால் “அங்கே போதிய பயணிகள் இல்லை” என்பார்கள். இரண்டு பதிலுமே அவரவர் கோப்பில் சரியாகத்தான் இருக்கும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது?

பாதி மனுக்கள் தவறிப்போவது இங்கேதான். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் வெட்டிக்கொள்கின்றன. ஒரகடம் காஞ்சிபுரம் மாவட்டம். ரயில் நிலையம் உள்ள சிங்கப்பெருமாள்கோவில், 2019 நவம்பரில் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டம். ஆக, ரயிலை விட்டு இறங்கி ஒரகடம் வருகிறவருக்கு வழியில் மாவட்டம் மாறுகிறது. பஸ்களிலும் ஒரு பகுதி மாநகர் போக்குவரத்துக் கழகத்துடையது. இன்னொரு பகுதி விழுப்புரம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் காஞ்சிபுரம் மண்டலத்துடையது. சென்னைப் பெருநகர்ப் பகுதி 2022 அக்டோபரில் 1,189 சதுர கி.மீ.யிலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தபோது இந்த வட்டாரமும் அதற்குள் வந்துவிட்டது.

அரசுப் பஸ் தடமோ கூடுதல் நடையோ (பஸ் ஓடும் தடவை) வேண்டுமென்றால் இரண்டு கழகங்களுக்கும் ஒரே மனுவை அனுப்பி, நகலைச் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கும் வையுங்கள். பல முகமைகளை ஒருங்கிணைப்பது அதன் வேலை. மினி பஸ்ஸும் பெர்மிட்டும் என்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாக மாவட்ட ஆட்சியருக்குப் போக வேண்டும். வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு அவர்தான் தலைவர். சிப்காட் நிலத்தில் குடியிருப்பு என்றால் சிப்காட் திட்ட அலுவலருக்கு எழுதுங்கள். சிப்காட் வளாகத்துக்குள் உள்ள உட்சாலை, தெருவிளக்கு, நிழற்குடைக்கும் அவரே. வெளியே மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர்.

வல்லம் வடகாலில்தான் பெரிய குடியிருப்பு வந்துவிட்டதே, இன்னும் என்ன கேட்பது?

2024 ஆகஸ்டில் திறந்த அந்த வளாகத்தின் கணக்கைப் பாருங்கள். 13 கட்டடங்கள், கட்டடத்துக்கு 240 அறைகள், அறைக்கு 6 பேர்: மொத்தம் 18,720 படுக்கைகள். செலவு 706.50 கோடி ரூபாய். வகுத்தால் படுக்கைக்கு ஏறக்குறைய 3.77 லட்சம். இதில் ஒன்றிய அரசின் வாடகைக் குடியிருப்புத் திட்ட மானியம் 37.44 கோடி, அதாவது படுக்கைக்கு 20,000 ரூபாய். மிச்சத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. மானியம் செலவில் இருபதில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்க ஒரு பெரிய நிறுவனம் முன்வந்தால்தான் இப்படிப்பட்ட கட்டடம் எழும். இந்த வளாகமும் ஒரே நிறுவனத்தின் பெண் தொழிலாளர்களை மனத்தில் வைத்துக் கட்டியதுதான். இருநூறு, முந்நூறு பேரை வைத்து உதிரிபாகம் செய்யும் சிறு ஆலைகள், கான்ட்ராக்ட் தொழிலாளர், குடும்பத்தோடு வருபவர், ஆண் தொழிலாளர் ஆகிய யாருக்கும் அங்கே இடமில்லை. ஆகவே உங்கள் கோரிக்கை “இன்னொரு 18,000 படுக்கை” என்று இருக்க வேண்டாம். பல சிறு ஆலைகள் சேர்ந்து இடம் பிடிக்கக்கூடிய 300 முதல் 500 படுக்கை விடுதிகள், அவற்றில் ஒரு பங்கு குடும்ப வீடுகள் என்று கேளுங்கள். சிப்காட் புது மனை ஒதுக்கும்போதே இதற்கான நிலத்தை வரைபடத்தில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். மனையெல்லாம் ஒதுக்கி முடிந்த வளாகத்தில் பிறகு நிலம் கிடைக்காது.

எங்கள் ஊராட்சியில் விடுதி வந்தால் எங்கள் தண்ணீர் போய்விடுமே?

நியாயமான பயம். கணக்குப் போட்டுப் பேசினால் விடை கிடைக்கும். விடுதிக்கு ஆளொன்றுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது கட்டட விதித்தொகுப்பு வைக்கும் அளவு. 500 படுக்கைக்கு 67,500 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஆறு தடவை வர வேண்டும். அதில் எண்பது சதவீதம், 54,000 லிட்டர், கழிவுநீராக வெளியே வரும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது ஏரிக்கால்வாயில் போய் விழும், அல்லது செப்டிக் டேங்க் லாரி ஒதுக்குப்புறத்தில் கொட்டிவிட்டுப் போகும்.

ஆகவே ஊராட்சித் தீர்மானத்தில் நிபந்தனைகளை எழுதிவையுங்கள்: குடிநீர் எங்கிருந்து வரும் என்பதற்கு எழுத்துமூல ஆதாரம்; வளாகத்துக்குள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்; சுத்திகரித்த நீரைக் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் திருப்பிவிடத் தனிக் குழாய். மூன்றாவதைக் கட்டும்போதே போடாவிட்டால் பின்னால் யாரும் போடமாட்டார்கள், சுவரை உடைக்க வேண்டிவரும். சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டு, கரண்ட் பில்லுக்குப் பயந்து மோட்டாரை நிறுத்திவைப்பதும் நடக்கும். அதற்குத் தனி மின்மீட்டர் கேளுங்கள். மாதாமாதம் யூனிட்டைப் பார்த்தாலே ஓடியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வருமானப் பக்கத்தையும் மறக்க வேண்டாம். ஊராட்சி எல்லைக்குள் உள்ள நிறுவனங்கள் ஊழியர்களிடம் பிடிக்கும் தொழில் வரி ஊராட்சிக்கு வர வேண்டியது. எத்தனை நிறுவனம் எத்தனை பேருக்குக் கட்டுகிறது என்ற பட்டியலைக் கிராம சபையில் கேளுங்கள். கான்ட்ராக்ட் ஆட்கள் அதில் விடுபட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

லைன் வீடுகளை என்ன செய்ய முடியும்?

பெரும்பாலோர் இருப்பது அங்கேதான் என்பதால் இந்தக் கேள்விக்கு எந்த விடுதியும் பதிலாகாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஆனால் அது நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கானது. ஊராட்சிப் பகுதியில் அதைக் காட்டி வாதாடினால் தோற்றுப்போவீர்கள். நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் வீடும் அதற்குள் வராது.

ஊராட்சியில் பிடி கிடைப்பது கட்டட அனுமதியிலும் சுகாதாரத்திலும் மின்சாரத்திலும்தான். பத்து அறைக்கு ஒரே மின் இணைப்பு இருந்தால் மொத்த யூனிட் உயர்ந்த கட்டணப் படிக்கு ஏறிவிடும். வீட்டுக்காரர் அதைக் காட்டி யூனிட்டுக்கு ஒரே விலையாக வசூலிப்பார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது அந்த அறைவாசிக்குத் தெரியவே தெரியாது. அறைக்கு ஒரு சப்-மீட்டரும், வாரியத்தின் பில்லைச் சுவரில் ஒட்டுவதும் வேண்டும் என்று வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேசினால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அதே பேச்சில் கழிப்பறை எண்ணிக்கையையும் எடுங்கள். ஆண்கள் எட்டுப் பேருக்கு ஒன்று, பெண்கள் ஆறு பேருக்கு ஒன்று என்பது கேட்கத்தக்க அளவு. ஷிஃப்ட் தொழிலாளர் எல்லாரும் ஒரே அரைமணி நேரத்தில் கிளம்புகிறவர்கள், அதற்குக் குறைந்தால் விடியற்காலையில் சண்டைதான்.

பெண்கள் விடுதியில் சாப்பாடும் தண்ணீரும் மோசம். யாரிடம் போவது?

2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பெண்கள், குழந்தைகள் விடுதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பெண்கள் விடுதி எதுவானாலும் ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். மாவட்டச் சமூகநல அலுவலரைக் கேளுங்கள். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம், உணவுப் பாதுகாப்பு ஆகிய சான்றுகள் இல்லாமல் உரிமம் தரக் கூடாது. விடுதியில் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், தேதியையும் எத்தனை பேருக்கு என்பதையும் பாருங்கள். 200 பேருக்கு வாங்கிவிட்டு 350 பேரை வைத்திருந்தால் அந்த ஒரு வரியே புகாருக்குப் போதும்.

2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் கெட்ட உணவு சாப்பிட்டு 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், அவர்களோடு வேலைபார்த்தவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் விடுதியும் ஆலையின் பொறுப்பு என்ற பேச்சே வலுத்தது. ஆண்கள் விடுதிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே உணவுப் பாதுகாப்புத் துறையும் ஊராட்சியும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும்தான் வழி.

கம்பெனி பஸ் ஓடுகிறதே, அரசுப் பஸ் எதற்கு?

கம்பெனி பஸ் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும். கான்ட்ராக்ட் தொழிலாளரை ஏற்றாத இடங்களும் உண்டு. அந்த வண்டிகள் ஒப்பந்த வண்டி பெர்மிட்டிலோ நிறுவனத்தின் சொந்தச் சேவை வண்டி பெர்மிட்டிலோ ஓடுகின்றன. வழியில் நின்று ஆளுக்கு ஆள் டிக்கெட் போட்டு ஏற்றினால் சட்டப்படி தவறு. “பாதிக் காலியாகப் போகிறதே, எங்களையும் ஏற்றட்டும்” என்ற கோரிக்கை அதனால்தான் நிற்கவில்லை. கேட்கக்கூடியது: ஒரே சாலையில் தனித்தனி வண்டி விடும் நான்கு ஆலைகள் சேர்ந்து போக்குவரத்துக் கழகத்திடம் கட்டணம் கட்டி நடைகளை வாங்கட்டும், அந்தப் பஸ்ஸில் யாரும் ஏறலாம்.

இன்னொன்று. மனுவில் வெறுமனே “பஸ் வேண்டும்” என்று எழுதாதீர்கள், “சாதாரணக் கட்டண நகரப் பேருந்து” என்று எழுதுங்கள். 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அந்த வகைப் பஸ்ஸில்தான். விரைவுப் பஸ் வந்து நின்றால் மனு நிறைவேறியதாகக் கோப்பை மூடிவிடுவார்கள், பெண்கள் டிக்கெட் எடுப்பார்கள்.

கணக்கெடுப்பு எப்படி எடுக்க வேண்டும்?

முழு மனுவுக்கும் எலும்பு இதுதான், அவசரப்பட வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு, ஏழே கேள்வி: எந்த ஆலை வாசல், எந்த ஷிஃப்ட், தங்கும் ஊர், ஏறும் நிறுத்தம், இப்போது எதில் வருகிறார், மாத வாடகையும் வண்டிச் செலவும், அறையில் எத்தனை பேர். பெயர், போன் நம்பர் கேட்காதீர்கள். கேட்டால் கான்ட்ராக்டருக்குப் போய்விடும் என்று பயந்து பாதிப் பேர் எழுதமாட்டார்கள். தமிழோடு இந்தி, ஒடியா, வங்காளத்திலும் அச்சடியுங்கள். எடுக்கும் இடம் ஆலை வாசலாக இருக்க வேண்டாம், செக்யூரிட்டி விரட்டுவார். டீக்கடை, மளிகைக்கடை, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நல்ல இடங்கள்.

கூடவே வாசல் எண்ணிக்கை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் நிறுத்தத்தில் இருவர் நின்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எத்தனை பேர் பஸ்ஸில், ஷேர் ஆட்டோவில், பைக்கில், நடந்து போகிறார்கள் என்று கோடு போடுங்கள். செவ்வாய், புதன், வியாழனில் எடுங்கள். திங்களும் சனியும் ஊருக்குப் போய்வரும் கூட்டம் கலந்துவிடும். பொங்கல், தீபாவளி வாரம் வேண்டவே வேண்டாம்.

கிடைத்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மதியம் 2 மணிக்கு ஒரு சாலையில் நான்கு ஆலைகளிலிருந்து 640 பேர் ஒரே திசையில் போக வேண்டும் என்று வையுங்கள். நின்றுகொண்டும் சேர்த்து பஸ்ஸுக்கு 60 பேர் என்றால் 11 நடை. போய்த் திரும்ப ஒரு மணி நேரம் ஆகுமானால், எல்லாரும் ஒரே அரைமணியில் வெளியே வரும்போது 11 பஸ்ஸும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்க வேண்டும். எந்தப் பணிமனையும் தராது. அதுவே நான்கு ஆலைகளும் 2:00, 2:30, 3:00, 3:30 என்று விட்டால், முதல் நடை போன பஸ் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து இரண்டாவது நடை எடுக்கும். ஆறு பஸ் போதும். ஆகவே மனுவின் முதல் கோரிக்கை பஸ்ஸாக இல்லாமல் ஷிஃப்ட் நேர மாற்றமாக இருக்கலாம். ஆட்சியர் ஆலை நிர்வாகங்களைக் கூப்பிட்டுப் பேசினால் பெரிய செலவில்லாமல் நடக்கும். பஸ் கேட்டு மறுத்தவர்கள்கூட இந்தக் கணக்கைப் பார்த்தால் உட்கார்ந்து பேசுவார்கள்.

மினி பஸ் வாங்க முடியுமா?

2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கி.மீ. அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். அதாவது 25 கி.மீ. தடத்தில் 16.25 கி.மீ. புதுச்சாலை. ஒரகடம் மெயின் ரோட்டில் ஏற்கெனவே பஸ் ஓடுவதால் அந்தத் தூரம் மீதி 35 சதவீதத்தில் அடங்க வேண்டும். இதைப் பார்க்காமல் தடம் வரைந்தால் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகும். ஓட்டுவது தனியார். தடம் தயாராக இருந்தும் விண்ணப்பிக்க ஆள் இல்லாமல் கிடப்பது உண்டு. உள்ளூரில் வேன் ஓட்டுபவர்களிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். ஷிஃப்ட் நேரத்தைப் பெர்மிட்டின் கால அட்டவணையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காவிட்டால் காலை ஒன்பது மணிக்குப் பிறகே வண்டி எடுப்பார்கள்.

கிராம சபையில் தீர்மானம் எப்படி?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே தலைவரிடம் பொருளை எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: “இணைப்பில் கண்ட கணக்கெடுப்பின்படி இவ்வூராட்சியில் தங்கியுள்ள தொழிலாளர்களுக்காக, காலை 5:15, மதியம் 1:15, இரவு 10:20 மணிக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து இயக்கவும், இன்ன சர்வே எண்ணில் 300 படுக்கை விடுதிக்கு இடம் ஒதுக்கவும் இச்சபை கோருகிறது.” நேரமும் சர்வே எண்ணும் இல்லாத தீர்மானம் வாழ்த்து மடல் மாதிரி ஆகிவிடும். சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கா என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிடுங்கள். ஏரி நிலத்தைக் குறித்துவிட்டால் மொத்தத் தீர்மானமும் கெடும்.

வடமாநிலத் தொழிலாளர் கிராம சபையில் பேசலாமா?

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவரே சபையின் உறுப்பினர். மற்றவர்கள் கையெழுத்து, கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையில் (கோரம்) சேராது. உள்ளூர் வாக்காளர் ஒருவர் பொருளை முன்மொழியட்டும், தொழிலாளர் தந்த துண்டுச்சீட்டுகளின் தொகுப்பு இணைப்பாகப் போகட்டும்.

மனு கொடுத்து மூன்று மாதம் ஆயிற்று, பதிலே இல்லை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்திருந்தால் மனு எண் இருக்கும், அதைச் சொல்லி 1100-இல் கேளுங்கள். பிறகு தகவல் உரிமை மனு: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாளில் பதில், இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். “ஏன் பஸ் விடவில்லை” என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்ல அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட மாதத்தில் இன்ன தடத்துக்குத் திட்டமிட்ட நடைகள், உண்மையில் இயக்கிய நடைகள், இரவு 9 மணிக்குப் பின் ரத்தான நடைகள். அட்டவணையில் கடைசி பஸ் இருக்கும், ரோட்டில் இருக்காது. அது இந்தத் தாளில் வெளியே வரும்.

பெண்களின் இரவு ஷிஃப்டுக்கு?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, இரவு 7 மணிக்கு மேலும் காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலைக்கு அழைக்க அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். அறை வாசல்வரை வண்டி அந்த ஏற்பாட்டில் அடங்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு, உள்ளே ஒன்றரை கி.மீ. இருட்டில் நடக்கவிடுவதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ. நீட்டிப்புக்கு மாநில அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. அது பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் தடம். ஒரகடத்துக்கு அது வராது. நெடுஞ்சாலையோர ஆலைகளுக்கும் நிலையத்திலிருந்து வாசல்வரை மூன்று, நான்கு கி.மீ. மிச்சமிருக்கும். நிலையங்களின் வரைபடம் முடிவாவதற்குள் இணைப்புப் பஸ் நிற்கும் இடம், சைக்கிள் நிறுத்தம், ஆறுவழிச் சாலையைக் கடக்க இருபுறமும் இறங்கும் பாலம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். நிலையம் கட்டி நிலப்பகுதிக்கு வேலி போட்டபின் பஸ் நிறுத்தத்துக்கு ஆறடி கேட்டாலும் கிடைக்காது. நிலையம் வரும் என்ற பேச்சிலேயே சுற்றுவட்டாரத்தில் வாடகை ஏறும். ஆகவே தொழிலாளர் விடுதிக்கான நிலத்தை இப்போதே குறிக்கச் சொல்லும் தீர்மானம், மெட்ரோவை வரவேற்கும் தீர்மானத்துக்கு முந்திப் போகட்டும்.